மூன்றே வருடம், 3,667 புள்ளிகள்: பீட் மாரவிச் பற்றி வாசகர் கேள்விகள்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் கெய்ட்லின் கிளார்க் என்ற வீராங்கனை மொத்தப் புள்ளிகளில் படைத்த சாதனையைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, அவருக்கு முன்னால் 54 ஆண்டுகள் அந்த இடத்தில் இருந்த பீட் மாரவிச்சை ஒரு வரியில் குறிப்பிட்டிருந்தோம். அந்த ஒரு வரி போதாது என்று கடிதங்கள் குவிந்துவிட்டன. 1988-இல் மறைந்த அந்த ஆட்டக்காரருக்காகவே இந்த இதழின் கேள்வி பதில் பகுதி.

நான்கு வருடப் படிப்பில் மூன்று வருடம் மட்டும் ஆடியது ஏன்? காயமா?
*மதுரை வாசகர்*

காயம் இல்லை, விதி. கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் அன்றைய விதிப்படி முதலாண்டு மாணவர்கள் கல்லூரியின் பிரதான அணியில் ஆட முடியாது. அவர்களுக்கென்று தனி அணி உண்டு. அதில் எடுக்கும் புள்ளிகள் கணக்கில் சேராது. இந்தத் தடை நீங்கியது 1972-73 பருவத்தில்தான். லூசியானா ஸ்டேட் யூனிவர்சிட்டியின் (எல்.எஸ்.யூ.) முதலாண்டு அணிக்காக மாரவிச் 17 ஆட்டங்களில் 741 புள்ளிகள் எடுத்தார். அந்த 741, கீழே வரும் கணக்கு எதிலும் கிடையாது.

பிரதான அணியில் அவர் எடுத்தது இது: 1967-68-இல் 26 ஆட்டங்களில் 1,138, அடுத்த வருடம் 26 ஆட்டங்களில் 1,148, கடைசி வருடம் 31 ஆட்டங்களில் 1,381. மொத்தம் 83 ஆட்டங்கள், 3,667 புள்ளிகள். ஆட்டத்துக்குச் சராசரி 44.2. ஐம்பதோ அதற்கு மேலோ எடுத்த ஆட்டங்கள் மட்டும் 28. முதலாண்டு அணியிலும் சராசரி 43.6தான் என்பதைக் கவனியுங்கள். நான்கு வருடமும் ஏறத்தாழ ஒரே அளவு. எதிரணிகள் இவர் ஒருவரைக் கட்டிப்போடவே வகுத்த திட்டங்களுக்கு நடுவில் அந்த எண் அசையவே இல்லை.

மூன்று புள்ளிக் கோடு அப்போது இருந்திருந்தால் சராசரி 57 வந்திருக்கும் என்கிறார்களே, நம்பலாமா?
*கோயம்புத்தூர் வாசகர்*

பரவலாகச் சொல்லப்படும் எண்தான். நாங்கள் அதை நம்பவில்லை. காரணம் எளிய கணக்கு.

மாரவிச் 83 ஆட்டங்களில் கூடையில் போட்ட பந்துகள் 1,387. அதாவது ஆட்டத்துக்கு 16.7. சராசரி 44.2 என்பது 57 ஆக வேண்டுமென்றால் ஆட்டத்துக்கு 12.8 புள்ளி கூட வேண்டும். கோட்டுக்கு வெளியிலிருந்து விழும் ஒவ்வொரு பந்தும் வழக்கமான இரண்டுக்குப் பதில் மூன்று, அதாவது ஒரு புள்ளிதான் கூடுதலாகத் தரும் என்பதால், அவர் போட்ட 16.7-இல் கிட்டத்தட்ட 13 கோட்டுக்கு வெளியிலிருந்து விழுந்திருக்க வேண்டும். முக்கால் பங்குக்கும் மேல்! அவருடைய ஆட்டம் அப்படிப்பட்டதல்ல. தனியாகப் பந்தைக் கடத்திப் போய் ரிங்குக்கு அடியில் போடுவது, ஓடி வந்து ஃப்ரீ த்ரோ கோட்டருகே சட்டென நின்று எறிவது, எதிராளியைத் தவறு செய்யவைத்து, அதற்காகக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோ (ஒரு புள்ளி தரும் தடையற்ற எறிதல்) எடுப்பது எல்லாம் அதில் பெரும்பங்கு. ஃப்ரீ த்ரோ மட்டுமே 893 விழுந்திருக்கிறது. ஆட்டத்துக்கு ஐந்தாறு தூர ஷாட் என்று தாராளமாக வைத்தாலும் 49, 50 வரை போகலாம். அதுவே யாரும் தொடாத உயரம். அதை 57 ஆக்க வேண்டிய தேவையே இல்லை.

கோடு மட்டும் பார்த்தால் போதாது, அன்றைய மற்ற விதிகளையும் சேர்த்துப் பாருங்கள். பந்து கையில் உள்ள அணி எறிந்தாக வேண்டிய நேரக்கெடுவான ஷாட் கிளாக் கல்லூரி ஆட்டத்தில் 1985-86-இல்தான் வந்தது, அதுவும் 45 வினாடி. மூன்று புள்ளிக் கோடு நாடு முழுவதும் 1986-87-இல், 6.02 மீட்டர் தூரத்தில். ஷாட் கிளாக் இல்லாத காலத்தில் எதிரணி நினைத்தால் பந்தை நிமிடக்கணக்கில் கைமாற்றிக்கொண்டே இருக்கலாம். இன்னொன்று பலருக்கும் தெரியாது: 1967-68 முதல் 1975-76 வரை கல்லூரி ஆட்டத்தில் டங்க் அடிக்க, அதாவது எம்பி ரிங்குக்கு மேலிருந்து பந்தை உள்ளே திணிக்க, தடை. மாரவிச்சின் மூன்று வருடமும் அந்தத் தடைக்குள் அடக்கம். 196 சென்டிமீட்டர் உயரமுள்ள கார்டுக்கு (பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தும் ஆட்டக்காரர்) அது இழப்புதான்.

அப்பாவே கோச். மகன் இஷ்டத்துக்கு எறிந்து தள்ளினார். அணி ஜெயித்ததா? இதில் என்ன பெருமை?
*நாகர்கோவில் வாசகர்*

கேள்வி கடுமையாக இருந்தாலும் நியாயமானது. மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும்.

ஆம், பயிற்சியாளர் அவருடைய தந்தை பிரெஸ் மாரவிச். ஆம், மகன் எறிந்தது 3,166 முறை, ஆட்டத்துக்கு 38. இன்றைய கல்லூரி ஆட்டத்தில் ஒருவர் ஒரே ஆட்டத்தில் 25 முறை எறிந்தாலே அதிகம் என்பார்கள். விழுந்தது 43.8 விழுக்காடு. இரண்டு, மூன்று பேர் சூழ்ந்து நிற்க, 38 முறை எறியும் கார்டுக்கு அது மோசமில்லை. ஆனால் வியக்கும்படியான விழுக்காடு என்றும் சொல்ல முடியாது.

1970 பிப்ரவரி 7-ஆம் தேதி அலபாமாவுக்கு எதிராக எடுத்த 69 இதற்குச் சரியான சான்று. 57 ஷாட்டில் 26 விழுந்தது, 21 ஃப்ரீ த்ரோவில் 17 விழுந்தது. அணி 106-104 என்று தோற்றது.

அணியின் கணக்கையும் பாருங்கள். மாரவிச் பிரதான அணிக்கு வருவதற்கு முந்தைய பருவத்தில் எல்.எஸ்.யூ. 3 வெற்றி, 23 தோல்வி. அவர் வந்ததும் 14-12, பிறகு 13-13, கடைசி வருடம் 22-10. தன் கான்ஃபரன்ஸில் (வட்டாரக் கல்லூரி அணிகள் தமக்குள் மோதும் குழு) கடைசி இடத்தில் கிடந்த அணியை இரண்டாம் இடம் வரை கொண்டுவந்தார். என்.சி.ஏ.ஏ. போட்டித்தொடரில் ஒரு முறைகூட ஆடவில்லை என்பதை அவருக்கு எதிராகச் சொல்வார்கள். அன்று ஒரு கான்ஃபரன்ஸிலிருந்து ஒரே ஓர் அணிக்குத்தான் இடம். அவருடைய கான்ஃபரன்ஸில் அந்த இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது கென்டக்கி. 1970-இல் நியூயார்க்கில் நடந்த என்.ஐ.டி. என்ற வேறொரு கல்லூரித் தொடருக்குப் போய், அரையிறுதியில் மார்க்கெட் (Marquette) பல்கலைக்கழக அணியிடம் தோற்றார்கள்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். அந்தத் தென்கிழக்கு கான்ஃபரன்ஸில் கறுப்பின மாணவர் ஒருவர் பிரதான அணியில் முதன்முதலாகக் கூடைப்பந்து ஆடியதே 1967-68-இல்தான்: வாண்டர்பில்ட் அணியின் பெர்ரி வாலஸ். எல்.எஸ்.யூ. பிரதான அணியில் முதல் கறுப்பின ஆட்டக்காரரான காலிஸ் டெம்பிள் ஆடத் தொடங்கியது 1971-72-இல், மாரவிச் போன பிறகு. அந்தப் பகுதியின் தலைசிறந்த இளைஞர்கள் பலரை உள்ளேயே விடாத ஒரு களத்தில் குவிந்த புள்ளிகள் இவை. மாரவிச்சின் கைத்திறனை இது குறைக்காது. அந்த எண்ணை மேற்கோள் காட்டும் யாரும் இதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. எல்லோரும் ஆடிய தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வில் அவர் 1976-77-இல் ஆட்டத்துக்கு 31.1 எடுத்து முதலிடம் பிடித்தார் என்பதையும் கூடவே சொல்ல வேண்டும்.

கிளார்க் சாதனையை முறியடித்துவிட்டார். இனி 3,667 வெறும் பழைய கணக்குதானே?
*சேலம் வாசகர்*

2024 மார்ச் 3 அன்று ஒஹாயோ ஸ்டேட் அணிக்கு எதிரான ஆட்டத்தில் கிளார்க் அந்த எண்ணைக் கடந்தார். 139 ஆட்டங்களில் 3,951-இல் முடித்தார். அவருடைய சாதனை அவருடையது, அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆண்கள் பட்டியலில் 3,667 இன்னும் முதலிடத்தில்தான் இருக்கிறது. 2023-இல் டெட்ராய்ட் மெர்சி அணியின் அன்டாயின் டேவிஸ் 3,664 வரை வந்து, மூன்று புள்ளி குறைவாக நின்றுவிட்டார். அதற்கு அவருக்கு ஐந்து பருவங்களும் 144 ஆட்டங்களும் 588 மூன்று புள்ளி ஷாட்டுகளும் தேவைப்பட்டன.

மாட்டுச் சந்தையில் ஆடினார் என்று எங்கோ படித்தேன். நிஜமா?
*தஞ்சாவூர் வாசகர்*

சந்தை அல்ல. பேடன் ரூஜ் நகரில் கால்நடைக் கண்காட்சியும் ரோடியோவும் நடக்கும் பார்க்கர் அக்ரிகல்ச்சுரல் கொலீசியம்தான் எல்.எஸ்.யூ. அணியின் களம். மாரவிச் முதலாண்டு அணியில் ஆடிய காலத்தில், அந்த ஆட்டம் முடிந்ததும் பிரதான அணியின் ஆட்டத்தைப் பார்க்க நிற்காமல் கூட்டம் எழுந்து போய்விடும். அவர் இழுத்துவந்த கூட்டம்தான் புதிய அரங்கம் எழக் காரணம். அது திறந்தது 1972-இல். அவர் அதில் கல்லூரிக்காக ஆடவே இல்லை. 1988-இல் அவர் இறந்த பிறகு அதற்கு பீட் மாரவிச் அசெம்பிளி சென்டர் என்று பெயர் வைத்தார்கள்.

என் மகனுக்கு 11 வயது. மாரவிச் செய்த பந்துப் பயிற்சிகளை வீட்டிலேயே செய்ய முடியுமா? எதில் தொடங்குவது?
*திருச்சி வாசகி*

இந்தக் கடிதம் வந்ததில் எங்களுக்குத் தனி மகிழ்ச்சி. புள்ளிகளைவிட இதுதான் அவர் விட்டுச்சென்ற பெரிய சொத்து. தந்தை சிறுவயதில் கற்றுக்கொடுத்த பயிற்சிகளை மாரவிச் 1987-இல் வீடியோக்களாகவே வெளியிட்டார். கோர்ட்டும் வேண்டாம், ரிங்கும் வேண்டாம். எட்டுக்கு எட்டு அடி சிமென்ட் தரை போதும்.

முதலில் பந்து. 11 வயதுக்கு 5-ஆம் எண் பந்து வாங்குங்கள். பெரியவர்களின் 7-ஆம் எண் பந்து சுமார் 600 கிராம் எடை. சின்னக் கைக்கு அது பிடிபடாது. மாரவிச்சுக்கே சிறுவயதில் பந்து கனமாக இருந்ததால் இடுப்புப் பக்கத்திலிருந்து எறிந்தார். துப்பாக்கியை உருவுவது போலத் தெரிந்ததால் ‘பிஸ்டல்’ என்ற பட்டம் வந்தது. அவர் பிறகு அந்தப் பழக்கத்திலிருந்து மாறவேண்டியிருந்தது, உங்கள் மகனுக்கு அந்தச் சிரமம் வேண்டாம். காற்று சரியாக இருக்கிறதா என்று பார்க்க, அவன் தோள் உயரத்திலிருந்து விடச் சொல்லுங்கள். இடுப்பு வரை எழ வேண்டும். வெளியே ஆட ரப்பர் பந்துதான் தாங்கும்.

தொடக்கம் விரல்நுனித் தட்டல். இரு கைகளையும் தலைக்கு மேலே நீட்டி, பந்தை ஒரு கையின் விரல்நுனியிலிருந்து மறு கையின் விரல்நுனிக்கு வேகமாகத் தட்ட வேண்டும். அப்படியே முகம், மார்பு, இடுப்பு, முழங்கால் என்று இறங்கி மறுபடி மேலே ஏற வேண்டும். பந்து உள்ளங்கையில் பட்டால் ‘பொத்’ என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால் வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். அடுத்தது சுற்றுகள்: தலையைச் சுற்றி, இடுப்பைச் சுற்றி, சேர்த்து வைத்த முழங்கால்களைச் சுற்றி. வலப்பக்கம் பத்து, இடப்பக்கம் பத்து. பிறகு கால்களை அகட்டி நின்று, தரையில் படாமல் இரு கால்களையும் எட்டு வடிவில் சுற்றுவது.

நான்காவது ‘பிரெட்செல்’. பந்து இரு கால்களுக்கும் நடுவில், முழங்கால் உயரத்தில். வலக்கை முன்பக்கமாகவும் இடக்கை பின்பக்கமாகவும் அதைப் பிடித்திருக்கும். பந்தை விட்டுவிட்டு, கீழே விழுவதற்குள் வலக்கை வலக்காலைச் சுற்றிப் பின்னுக்கும், இடக்கை இடக்காலைச் சுற்றி முன்னுக்கும் வந்து பிடிக்க வேண்டும். முதல் வாரம் பந்து கீழே விழுந்துகொண்டேதான் இருக்கும். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: முழங்கால் மடங்கவில்லை. நிமிர்ந்து நின்றால் கைகள் போக வேண்டிய தூரம் அதிகம்; பந்து காத்திருக்காது. தாழ்ந்து உட்கார்ந்தால் கை காலை ஒட்டியே திரும்பும். சிலர் நேரம் கிடைக்கட்டும் என்று பந்தை மேலே தூக்கிப் போடுவார்கள். அதை அனுமதிக்காதீர்கள், பந்து அந்தரத்தில் அப்படியே நிற்பதுபோல் தெரிய வேண்டும்.

ஐந்தாவது ‘ரிக்கோஷே’. பந்தை இரு கைகளாலும் முன்னால் பிடித்து, கால்களுக்கு நடுவே தரையில் ஓங்கி அடித்து, முதுகுக்குப் பின்னால் இரு கைகளாலும் பிடிப்பது. பந்து நேர் கீழே அடித்தால் மேலெழும்பி உடம்பிலேயே படும். அடி படும் இடம் இரு பாதங்களுக்கும் நடுவில் இருக்கட்டும், கை கொடுக்கும் திசை பின்னோக்கிச் சாய்ந்திருக்கட்டும். அடித்த கணமே கைகள் பின்னால் போய்விட வேண்டும். திரும்பிப் பார்த்தால் தவறிவிடும். மெதுவாகத் தொடங்கி, பிடி உறுதியான பிறகு வேகம் கூட்டலாம்.

ஒவ்வொன்றும் 30 வினாடி செய்து 30 வினாடி ஓய்வு, இப்படி மூன்று சுற்று. ஐந்துக்கும் சேர்த்து 15 நிமிடம். தினமும் 15 நிமிடம் செய்வது ஞாயிறு மட்டும் இரண்டு மணி நேரம் செய்வதைவிட மேல். இரண்டு வாரம் கழித்துப் பந்தைப் பார்க்காமல் செய்யப் பழக்குங்கள். எதிரே நின்று விரல்களைக் காட்டி ‘எத்தனை?’ என்று கேளுங்கள். சரியாகச் சொன்னால் கண் மேலே இருக்கிறது என்று பொருள். இந்தப் பயிற்சிகளின் பயனே அதுதான். பந்தைக் கவனிக்கும் வேலையைக் கை ஏற்றுக்கொண்டால், கண் களம் முழுவதையும் பார்க்க விடுதலை பெறும். மாரவிச்சின் பாஸ்கள் அப்படித்தான் பிறந்தன.

பையன்கள் முதல் நாளே பிரெட்செல்லுக்கும் ரிக்கோஷேவுக்கும் தாவுவார்கள், பார்க்க நன்றாக இருக்கும் என்பதால். விரல் பழகாமல் அவற்றைச் செய்தால் பந்தை உள்ளங்கையால் அறையும் பழக்கம் வந்துவிடும். அதைப் பிறகு மாற்றுவது பெரும்பாடு.

பிரெஸ் மாரவிச் காரை ஓட்ட, மகன் ஜன்னல் வழியே கை நீட்டி சாலையில் பந்தைத் தட்டித் தட்டி டிரிப்ளிங் செய்வாராம். என் மகளையும் அந்த அளவுக்குத் தீவிரமாகப் பழக்கலாமா?
*திருநெல்வேலி வாசகர்*

அந்தக் கார் பயிற்சியைப் பற்றி மாரவிச் குடும்பமே சொல்லியிருக்கிறது. நீங்கள் அதைச் செய்யாதீர்கள், எந்தச் சாலையிலும் செய்யாதீர்கள். மாறும் வேகத்தில் பந்தைக் கட்டுப்படுத்துவதுதான் அதன் நோக்கம். அதற்குச் சுவரோரம் நடந்தும் ஓடியும் டிரிப்ளிங் செய்தால் போதும். மாரவிச் பின்னாளில் குடிப்பழக்கத்தோடும் வெறுமையோடும் போராடியதை அவரே பொதுமேடைகளில் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். குழந்தை தானாகப் பந்தை எடுக்கும் நாட்களைக் கவனியுங்கள். அது குறையத் தொடங்கினால் பயிற்சியைக் குறையுங்கள்.

40 வயதில் மாரடைப்பு எப்படி வந்தது? விளையாட்டு வீரருக்கா?
*காஞ்சிபுரம் வாசகி*

1988 ஜனவரி 5. கலிஃபோர்னியாவின் பாசடீனா நகரில் ஒரு தேவாலய ஜிம்மில் நண்பர்களோடு பாதிக் கோர்ட்டில் ஆடிக்கொண்டிருந்தார். இடைவேளையில் நின்று பேசிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது: அவருக்குப் பிறவியிலேயே இடது இதயத் தமனி கிடையாது. வலது தமனி ஒன்றே பெரிதாக வளர்ந்து இரண்டின் வேலையையும் செய்துவந்திருக்கிறது. கல்லூரியில் 83 ஆட்டம், என்.பி.ஏ.வில் பத்துப் பருவம், எல்லாம் அந்த ஒற்றைத் தமனியில்.

இதை வழக்கமான ஈ.சி.ஜி. காட்டாமல் போகலாம். எக்கோவில் சில நேரம் தெரியும். தமனிகளின் அமைப்பைத் தெளிவாகக் காட்டுவது சி.டி. ஆஞ்சியோகிராம். எல்லாப் பிள்ளைகளுக்கும் அது தேவையில்லை. ஓடும்போதோ ஆடும்போதோ மயங்கி விழுவது, உழைப்பின்போது மட்டும் வரும் நெஞ்சுவலி, குடும்பத்தில் யாரேனும் 50 வயதுக்குள் திடீரென இறந்திருப்பது, இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு இதய மருத்துவரைப் பாருங்கள். ‘வெயில்ல மயக்கம்’ என்று குளுக்கோஸ் கொடுத்து மறுபடி களத்தில் இறக்குவதுதான் நாம் அடிக்கடி செய்யும் ஆபத்தான காரியம்.

களத்தில் ஒருவர் விழுந்து, கூப்பிட்டாலும் அசையாமல், மூச்சு சரியாக இல்லாமல் கிடந்தால் ஒருவர் 108-ஐ அழைக்க, இன்னொருவர் உடனே நெஞ்சின் நடுவில் அழுத்தத் தொடங்க வேண்டும். பெரியவர்களுக்கு ஐந்து முதல் ஆறு சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. இதயத்துக்கு அதிர்ச்சி கொடுக்கும் ஏ.ஈ.டி. கருவி இருந்தால் ஓடிப்போய் எடுத்து வாருங்கள். ஒவ்வொரு நிமிடத் தாமதமும் பிழைக்கும் வாய்ப்பைச் சுமார் பத்து விழுக்காடு குறைக்கும். போட்டி நடத்தும் கல்லூரிகள் கோப்பைக்குச் செலவிடுவதற்கு முன் இந்தக் கருவிக்குச் செலவிட வேண்டும் என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

என்.பி.ஏ.வில் மூன்று புள்ளிக் கோட்டில் ஆடினாரா?
*வேலூர் வாசகர்*

ஒரே ஒரு பருவம், 1979-80. கோடு அறிமுகமான முதல் பருவமும் அவருடைய கடைசிப் பருவமும் ஒன்றாகிவிட்டன. 1978-இல் முழங்கால் காயம்பட்டு ஓட்டம் குறைந்திருந்த நேரம். 15 எறிந்தார், 10 விழுந்தது.

அவருடைய கல்லூரி ஆட்டங்களின் பழைய படங்கள் பார்த்தேன். பந்து எங்கே போகிறதென்றே புரியவில்லை. எதைக் கவனிப்பது?
*புதுச்சேரி வாசகர்*

பந்தைக் கவனிக்காதீர்கள். எதிராளி செய்த தவறும் அதுதான். வேகத் தாக்குதலில் மாரவிச் நடுவில் வரும் காட்சியைத் தேர்ந்தெடுத்து வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். டிரிப்ளிங்கில் எழும் பந்தின் மேல் வலக்கை ஒரு பக்கமாக வட்டமடித்துப் போகும். எதிராளியின் தோள் அந்தப் பக்கம் திரும்பும். பந்து இன்னும் அந்தரத்தில். அதே கை திரும்பி வந்து, மணிக்கட்டின் ஒரு சொடுக்கில் பந்தை மறுபக்கம் தட்டிவிடும். அந்த நேரம் முழுவதும் எதிராளியின் இடுப்பையும் பாதத்தையும் பாருங்கள், எந்தக் கணத்தில் எடை தவறான காலுக்கு மாறுகிறது என்று தெரியும். பிறகு இன்னொரு முறை ஓட்டி, பாஸ் வாங்கும் எல்.எஸ்.யூ. வீரரின் கைகளைப் பாருங்கள். சில காட்சிகளில் அவை தயாராக இருக்காது, பந்து தவறிப்போகும். கூடையில் முடிந்த அவருடைய பாஸ்களின் (அசிஸ்ட்) கணக்கு ஆட்டத்துக்கு ஐந்தை ஒட்டியே நின்றதற்கு அதுவும் ஒரு காரணம்.